எழுத்தும் கதையும் ஒன்றாகத் தொடங்கட்டும்: தொடக்கப் பள்ளியில் வாசிப்பு கற்பிக்கும் முறை

தொடக்கப் பள்ளியில் வாசிப்பைப் பற்றிப் பேசும்போது முதலில் எழுத்து, பிறகு சொல், பிறகு வாக்கியம், அதன்பின் பாடப்பகுதி, எல்லாம் முடிந்தபின் நேரமிருந்தால் கதைப் புத்தகம் என்ற வரிசையே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. இவ்வரிசையில் புத்தகம் கடைசியில் நிற்பதால், எழுத்தில் தடுமாறும் குழந்தை ஒரு கதைப் புத்தகத்தைக்கூடத் தொடாமல் ஐந்தாம் வகுப்பை முடித்துவிடுகிறது. தடுமாறாத குழந்தையோ வாசிப்பது தேர்வுக்காகச் செய்யும் வேலை என்று எண்ணிக்கொள்கிறது. எழுத்தைக் கற்பிப்பதையும் புத்தகத்தின்மீது விருப்பத்தை உண்டாக்குவதையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யக் கூடாது. ஒன்றாம் வகுப்பு தொடங்கும் ஜூன் மாதத்திலேயே இரண்டும் ஒரே நாளில், ஒரே வகுப்பறையில் தொடங்க வேண்டும். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளைக் கையாளும் ஆசிரியர்களை மனத்தில் கொண்டு, இதை எப்படிச் செய்யலாம் என்பதை இங்கே எழுதுகிறேன். ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்து நடத்தும் பள்ளிகளுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

நாள்தோறும் உரக்க வாசித்துக் காட்டுதல்

வாசிக்கக் கற்பிக்கும் எல்லா வேலைகளிலும் ஒன்றைத்தான் தேர்ந்துகொள்ள முடியும் என்றால், ஆசிரியர் நாள்தோறும் பதினைந்து நிமிடம் ஒரு நல்ல கதைப் புத்தகத்தைக் குழந்தைகளுக்கு உரக்க வாசித்துக் காட்டுவதையே நான் தேர்வேன். குழந்தை வீட்டிலும் தெருவிலும் கேட்பது பேச்சுத் தமிழ். பாடநூலில் இருப்பது எழுத்துத் தமிழ். 'வந்துட்டான்' என்று பேசிப் பழகிய ஆறு வயதுக் குழந்தை 'வந்துவிட்டான்' என்ற சொல்லைப் பாடநூலில்தான் முதன்முதலாகச் சந்திக்கிறது என்றால், அது எழுத்தையும் அறியாமல் சொல்லின் வடிவத்தையும் அறியாமல் ஒரே நேரத்தில் இரண்டு சுமைகளைத் தூக்க வேண்டியிருக்கிறது. நாள்தோறும் கதை கேட்ட குழந்தையின் காதில் 'சென்றது', 'கேட்டாள்', 'அதனால்', 'ஆனாலும்' போன்ற வடிவங்கள் ஏற்கெனவே பதிந்திருக்கும். அவற்றை எழுத்தில் காணும்போது அறிந்த ஒன்றை அடையாளம் காணும் வேலை மட்டுமே எஞ்சும். தெலுங்கு, கன்னடம், உருது, சௌராட்டிரம் ஆகியவற்றை வீட்டில் பேசும் குழந்தைகளுக்கும், திருப்பூர் போன்ற தொழில் நகரங்களில் பெற்றோருடன் வந்து சேர்ந்திருக்கும் வடமாநிலக் குழந்தைகளுக்கும் இது இன்னும் இன்றியமையாதது.

வாசித்துக் காட்டுவதற்கும் ஆயத்தம் வேண்டும். முந்தைய நாளே புத்தகத்தை ஒருமுறை உரக்கப் படித்துப் பார்த்து, எங்கே நிறுத்துவது, எந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவைப்படும், எந்தப் படத்தைச் சற்று நேரம் காட்டுவது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். குழந்தைகளை வரிசையாக அல்லாமல் அரைவட்டமாக, எல்லோருக்கும் படம் தெரியும்படி அமர வையுங்கள். முதலில் அட்டையைக் காட்டி, தலைப்பை விரலால் தொட்டு வாசித்து, கதை எதைப் பற்றியதாக இருக்கும் என்று கேளுங்கள். வாசிக்கும்போது எழுத்தில் உள்ளபடியே வாசியுங்கள். இடையிடையே பேச்சுத் தமிழுக்கு மாற்றிச் சொல்லத் தொடங்கினால் மேலே சொன்ன பயன் குறைந்துவிடும். பேச்சுத் தமிழுக்குரிய இடம் கதைக்குப் பின் நடக்கும் உரையாடல். அங்கே குழந்தைகள் தங்கள் ஊர் வழக்கில் எப்படி வேண்டுமானாலும் பேசட்டும். 'அந்த நாய் ஏன் பயந்துச்சு?' என்று ஆசிரியரும் கேட்கலாம்.

கதையை இரண்டு மூன்று இடங்களில் நிறுத்தினால் போதும். 'இனி என்ன நடக்கும்?', 'நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?', 'அவள் ஏன் பதில் சொல்லவில்லை?' போன்ற கேள்விகள் குழந்தையைக் கதைக்குள் வைத்திருக்கும். 'சிறுவனின் பெயர் என்ன?', 'மரத்தில் எத்தனை பழங்கள் இருந்தன?' போன்ற கேள்விகள் கதை நேரத்தைத் தேர்வாக மாற்றிவிடும். ஒவ்வொரு கதையின் முடிவிலும் 'இக்கதை கூறும் நீதி என்ன?' என்று கேட்கும் பழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நல்ல கதையில் குழந்தை எதை எடுத்துக்கொண்டது என்பது அதற்கே சில நாள் கழித்துத்தான் தெரியும். நீதியை உடனே கறந்துவிட முயலும்போது கதை வற்றிவிடுகிறது. குழந்தைகள் கேட்டால் அதே புத்தகத்தை மறுநாளும் வாசியுங்கள். மூன்றாம் முறை கேட்கும்போது வரிகளைத் தாமே முந்திச் சொல்வார்கள். பிறகு அப்புத்தகத்தைத் தனியே எடுத்து, நினைவிலிருந்து 'வாசிக்க'த் தொடங்குவார்கள். எழுத்து தெரியாத குழந்தை இப்படி வாசிப்பதை ஏமாற்று என்று கருத வேண்டாம். பக்கத்தைத் திருப்புவது, இடமிருந்து வலமாகப் போவது, எழுத்தில் ஒரு பொருள் இருக்கிறது என்று நம்புவது ஆகிய மூன்றையும் அது அப்போது கற்றுக்கொண்டிருக்கிறது.

எழுத்துகளை எந்த வரிசையில் கற்பிப்பது

தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று என எழுத்துகள் 247. இவ்வெண்ணிக்கையைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் 26 எழுத்துகளைக் கற்கும் மொழிகளுக்கு வகுத்த கால அளவை அப்படியே தமிழுக்கு எடுத்துக்கொள்ளவும் கூடாது. உயிர்மெய் எழுத்து முறையுள்ள இந்திய மொழிகளில் எழுத்துகள் முழுவதையும் வசப்படுத்தக் குழந்தைகளுக்கு மூன்று, நான்கு ஆண்டுகள் வரை ஆகும் என்பதைக் கன்னடத்தில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அத்தனை ஆண்டுகளும் எழுத்து அட்டவணையைப் பாடிக்கொண்டே இருக்க முடியாது. ஆகவே, கற்ற சில எழுத்துகளைக் கொண்டே முதல் வாரங்களில் பொருளுள்ள சொற்களையும் சிறு வாக்கியங்களையும் வாசிக்க வைக்கும் வரிசை நமக்குத் தேவை.

அகர வரிசையில் 'அ, ஆ, இ, ஈ' என்று தொடங்கி 12 உயிரையும் முடித்த குழந்தையால் 'ஆ', 'ஈ' போன்ற ஓரெழுத்துச் சொற்களைத் தவிர எதையும் வாசிக்க முடியாது. மாறாக ட, ப, ம, ர ஆகிய நான்கு எழுத்துகளையும், புள்ளியையும், துணைக்காலையும் மட்டும் கற்பித்துப் பாருங்கள். படம், பட்டம், மரம், மடம், பாடம், மாடம், பாப்பா, மாமா, பார் என்று சொற்கள் வரிசையாக வருகின்றன. 'பாப்பா, பட்டம் பார்' என்று ஒரு முழு வாக்கியமே கிடைத்துவிடுகிறது. அடுத்து க, ல, வ ஆகியவற்றைச் சேர்த்தால் கடல், கப்பல், பகல், காகம், பால், பாலம், வா எல்லாம் குழந்தைக்கு வசமாகின்றன. எழுத்துகளை இப்படிச் சிறு கூட்டமாகக் கற்பித்து, ஒவ்வொரு கூட்டத்திலும் எத்தனை சொற்கள் கிடைக்கின்றன என்று பார்த்து அடுத்த கூட்டத்தை அமைப்பது நல்லது. உயிரெழுத்துகளை அம்மா, ஆடு, இலை என்று சொல்லின் தொடக்கத்தில் வரும் எழுத்துகளாக இதனூடேயே சேர்த்துக்கொள்ளலாம். அகர வரிசைப் பாட்டும் வேண்டும்; ஆனால் அது பாட்டாக இருக்கட்டும், வாசிப்புப் பாடமாக வேண்டாம்.

உயிர்மெய்க் குறிகளில் எளிமையும் கடினமும் சீராக இல்லை. துணைக்கால் எழுத்துக்குப் பின்னால் தனியே நிற்பதால் மிக எளிது. அடுத்து 'கி, கீ' வரிசைகள். 'கு, கூ' வரிசைகளில்தான் வடிவங்கள் ஒவ்வோர் எழுத்துக்கும் மாறுகின்றன. அவற்றை மெய்வரிசைப்படி கற்பிப்பதைவிட, வடிவ ஒற்றுமைப்படி சு, பு, யு, வு ஒரு கூட்டமாகவும், கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு கூட்டமாகவும், து, நு, று, லு, ணு, னு ஒரு கூட்டமாகவும் பிரித்துக் கற்பித்தால் சுமை பாதியாகக் குறையும். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் வேறு வகையான சிக்கலைத் தருகின்றன: 'தேன்' என்ற சொல்லில் கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, வாயில் முதலில் வருவது 'த்' ஒலி. 'கொ', 'கோ' ஆகியவற்றில் குறி எழுத்தின் இருபுறமும் நிற்கிறது. எனவே கொம்பைத் தனியாகச் சொல்லிப் பிறகு எழுத்தைச் சேர்க்கும் பழக்கத்தை விட்டு, 'தே' என்பதை ஒரே வடிவமாக, ஒரே ஒலியாகக் காட்டுங்கள். ஔகார வரிசை அன்றாடச் சொற்களில் அருகியே வருவதால் அதைக் கடைசிக்கு ஒதுக்கலாம். 'ஙா, ஙி, ஙீ' என்று நீளும் வரிசையை மனப்பாடம் செய்ய வைப்பதில் வாசிப்புக்கு எந்தப் பயனும் இல்லை. குழந்தை வாசிக்கும் சொற்களில் வருவது 'ங்' மட்டுமே. மறுபுறம், கிரந்த எழுத்துகளைப் பிந்தைய வகுப்புக்குத் தள்ளிவைக்க முடியாது. வகுப்பில் ஒரு ஜனனியோ ஹரிணியோ இருந்தால், அந்தக் குழந்தை முதலில் வாசிக்க விரும்பும் சொல் அதன் பெயர்தான். எல்லாக் குழந்தைகளின் பெயர்களையும் அட்டைகளில் எழுதி, காலையில் தன் பெயர் அட்டையைத் தானே எடுத்துப் பலகையில் மாட்டும் வழக்கத்தை முதல் வாரத்திலேயே ஏற்படுத்துங்கள். வருகைப் பதிவும் நடக்கும், வாசிப்பும் நடக்கும்.

ஒலியைப் பற்றியும் ஆசிரியர் ஒன்றைத் தெளிவாக மனத்தில் கொள்ள வேண்டும். 'கடல்', 'பகல்', 'பங்கு' ஆகிய மூன்றிலும் ககரம் மூன்று வகையாக ஒலிக்கிறது. சகரம், டகரம், தகரம், பகரம் ஆகியவற்றுக்கும் இவ்வாறே இடத்துக்கேற்ப ஒலி மாறுகிறது. தமிழ் பேசும் குழந்தைக்கு இதற்கு விதி சொல்லத் தேவையில்லை. ப, க, ல் என்று கூட்டி வல்லொலியுடன் வாசித்தாலும், 'இப்போது சேர்த்துச் சொல், இது என்ன சொல்?' என்று கேட்டவுடன் தனக்குத் தெரிந்த 'பகல்' என்ற சொல்லுக்குத் தானே வந்து சேரும். இந்தத் திருத்தம் நடப்பதற்கு அச்சொல் குழந்தைக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் தொடக்கத்தில் பொருள் தெரியாத சொற்களை வாசிக்கப் பயிற்சி தருவது வீண் என்கிறேன். தமிழை வீட்டில் பேசாத குழந்தைக்கோ, சொல்லைப் படத்துடனும் பேச்சுடனும் அறிமுகப்படுத்தியபின்தான் எழுத்தில் காட்ட வேண்டும்.

ஊர் வழக்கால் வரும் உச்சரிப்பையும் வாசிப்புப் பிழையையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. 'இலை' என்று எழுதியிருப்பதைக் குழந்தை 'எல' என்று சொன்னாலோ, தென்மாவட்டக் குழந்தை 'மழை' என்பதை 'மளை' என்று சொன்னாலோ அது சொல்லைச் சரியாகவே அறிந்துகொண்டது. 'மழை' என்பதை 'மலை' என்று வாசித்து, மேகம் இருக்கும் படத்தைப் பார்த்தும் திருத்திக்கொள்ளாமல் போனால்தான் அது நாம் கவனிக்க வேண்டிய பிழை. ழகர உச்சரிப்புக்குத் தனியாகப் பாட்டும் விளையாட்டும் வைத்துக்கொள்ளலாம். குழந்தை வாசித்துக்கொண்டிருக்கும்போது குறுக்கிட வேண்டாம்.

எழுத்துக்கூட்டுவதிலிருந்து சரளத்துக்கு

எழுத்துக்கூட்டி வாசிப்பது ஒரு கட்டம். அதில் தங்கிவிடுவதுதான் ஆபத்து. ஒவ்வோர் எழுத்தாகத் தடவித் தடவிச் செல்லும் குழந்தை வாக்கியத்தின் இறுதிக்கு வரும்போது அதன் தொடக்கத்தை மறந்துவிடும். பொருள் கிடைக்காத வாசிப்பில் யாருக்கும் விருப்பம் வராது. இதற்கு மருந்து, குழந்தையின் நிலைக்குச் சற்றுக் கீழேயுள்ள எளிய பகுதியைத் திரும்பத் திரும்ப வாசிக்க வைப்பது. ஐந்தாறு வரிகள் கொண்ட பகுதியை முதலில் ஆசிரியர் வாசிக்க வேண்டும். பிறகு ஆசிரியருடன் சேர்ந்து குழந்தைகள், பிறகு இருவர் இருவராக ஒருவருக்கொருவர், கடைசியில் தனியாக என்று நான்கு முறை வாசித்தால், நான்காம் முறையில் குரலில் வரும் மாற்றத்தைக் குழந்தையே உணரும். சொல் சொல்லாக அல்லாமல் தொடர் தொடராக நிறுத்தி வாசிக்க வேண்டும் என்பதை ஆசிரியரின் குரல்தான் கற்பிக்க முடியும்.

சேர்ந்து வாசிப்பது இழுத்து இழுத்துப் பாடும் ஓசையாக மாறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஓசையில் பத்துப் பேர் வாசிக்க முப்பது பேர் வாயசைப்பார்கள். ஒப்பித்தலையும் வாசிப்பையும் பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு: பாடத்தின் நடுவே ஒரு சொல்லைத் தொட்டு 'இது என்ன?' என்று கேளுங்கள். அதே சொற்களைக் கொண்டு நீங்கள் புதிதாக எழுதிய இரண்டு வாக்கியங்களைக் காட்டுங்கள். முழுப் பாடத்தையும் கடகடவென்று சொல்லும் குழந்தைகளில் சிலர் இங்கே நின்றுவிடுவார்கள். அவர்களைக் கண்டறிவதற்காகவே இதைச் செய்கிறோம். கடிந்துகொள்ள இது காரணமாகக் கூடாது.

தொடக்கநிலைக் குழந்தைகளுக்கு நீங்கள் எழுதும் பகுதிகளில் புணர்ச்சியைக் குறைத்து எழுதுங்கள். 'மரத்தின்மேலேறினான்' என்பதைவிட 'மரத்தின் மேல் ஏறினான்' என்பது அவர்களுக்கு எட்டும். தமிழில் 'வீட்டிலிருந்துதான்' என்பது ஒரே சொல்லாக நிற்கும். ஆகையால் நிமிடத்துக்கு இத்தனை சொற்கள் என்று பிறமொழிகளுக்கு வகுத்த அளவுகோலால் தமிழ்க் குழந்தையை அளப்பது நியாயமாகாது. நேரத்தைப் பார்ப்பதைவிட, வாசித்து முடித்தபின் 'என்ன நடந்தது, சொல்' என்று கேட்பதே நம்பகமான அளவுகோல்.

குழந்தைகளின் சொற்களே வாசிப்புப் பகுதியாகட்டும்

வகுப்பறையில் செலவே இல்லாமல் கிடைக்கும் வாசிப்புப் பொருள் குழந்தைகளின் பேச்சு. திங்கட்கிழமை காலையில் 'எங்க வீட்டு ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சு' என்று ஒரு குழந்தை சொன்னால், அதை அப்படியே கரும்பலகையில் எழுதி அக்குழந்தையை வாசிக்கச் சொல்லுங்கள். தான் சொன்னது எழுத்தாக நிற்பதைக் காணும் குழந்தைக்கு, எழுத்து தன் வாழ்க்கையோடு தொடர்புள்ளது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. பேச்சு வழக்கைக் கரும்பலகையில் எழுதலாமா என்ற தயக்கம் பல ஆசிரியர்களுக்கு உண்டு. முதல் நாள் குழந்தை சொன்னபடியே எழுதி, மறுநாள் அதன் அருகில் 'எங்கள் வீட்டு ஆடு இரண்டு குட்டிகள் போட்டது' என்று எழுதி இரண்டையும் வாசிக்க வைப்பது என் பரிந்துரை. குழந்தையின் மொழியை அவமதிக்காமல் எழுத்துத் தமிழுக்குச் செல்லும் வழி இது.

இப்படிச் சேரும் வாக்கியங்களை ஒரு பக்கத்துக்கு ஒன்றாக எழுதி, குழந்தைகளையே படம் வரையச் சொல்லி, பழைய வரைபடத் தாளை அட்டையாக வைத்துத் தைத்தால் வகுப்புக்கென்று ஒரு புத்தகம் கிடைக்கும். அட்டையில் எழுதியவர் பெயரும் வரைந்தவர் பெயரும் இருக்க வேண்டும். பாட்டி சொன்ன கதை, ஊர்த் திருவிழா, வீட்டில் மீன்குழம்பு வைக்கும் முறை, விடுகதைத் தொகுப்பு என்று இவை பெருகும். வகுப்பு நூலகத்தில் மிக அதிகமாகக் கைமாறும் புத்தகங்கள் பெரும்பாலும் இவையாகத்தான் இருக்கும்.

புத்தகம் கைக்கு எட்ட வேண்டும்

நூலகவியலின் முன்னோடியும் சீர்காழியில் பிறந்தவருமான எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. பல பள்ளிகளில் இந்த முதல் விதியே இன்னும் நிறைவேறவில்லை. புத்தகங்கள் தலைமையாசிரியர் அறையில், பூட்டிய பீரோவில் இருக்கின்றன. இதற்கு ஆசிரியர்களின் அலட்சியம் காரணமில்லை. இருப்புப் பதிவேட்டில் ஒரு புத்தகம் குறைந்தாலோ கிழிந்தாலோ பொறுப்பேற்க வேண்டியவர் ஆசிரியர் என்பதால் வரும் அச்சமே காரணம். எனவே தலைமையாசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவும் ஆண்டின் தொடக்கத்திலேயே கூடி, பயன்பாட்டில் புத்தகங்கள் தேய்வதும் சில கிழிவதும் இயல்பு என்று தீர்மானமாகப் பதிவு செய்வது நல்லது. அச்சம் விலகினால் பீரோ திறக்கும்.

ஒரு வகுப்புக்கு ஒரே நேரத்தில் முப்பது நாற்பது புத்தகங்கள் போதும். மாதத்துக்கு ஒருமுறை பக்கத்து வகுப்புடன் மாற்றிக்கொள்ளலாம். அலமாரி இல்லையென்றால் சன்னலிலிருந்து சன்னலுக்குக் கயிறு கட்டி, புத்தகங்களை விரித்துத் தொங்கவிடுங்கள். கயிறு குழந்தையின் தோள் உயரத்துக்கு மேல் போகக் கூடாது. முதுகு மட்டும் தெரியும்படி அடுக்கிய புத்தகத்தைச் சிறு குழந்தை எடுக்காது. அதற்கு அட்டைப் படம் தெரிய வேண்டும். கொடுக்கல் வாங்கல் ஏட்டை மூன்றாம் வகுப்புக் குழந்தைகளே முறை வைத்து எழுதட்டும். கிழிந்த பக்கத்தைப் பசைநாடாவால் ஒட்டவும் கற்றுக்கொடுங்கள். கிழித்ததற்குத் தண்டம் வசூலித்தால் அந்தக் குழந்தை மறுபடி புத்தகம் எடுக்காது.

எந்தப் புத்தகம் யாருக்கு என்பதில் ஓரளவு ஒழுங்கு உதவும். தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் தன் சிறு நூல்களை நுழை, நட, ஓடு, பற என்ற நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறது. எழுத்தின் அளவு, சொற்களின் எளிமை, ஒரு பக்கத்துக்கு எத்தனை வரிகள் ஆகியவற்றைக் கொண்டு உங்களிடம் உள்ள பிற புத்தகங்களையும் அவ்வாறே பிரித்து வண்ணப் புள்ளி ஒட்டலாம். நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்குத் துறை வெளியிடும் 'ஊஞ்சல்' இதழைப் பிரித்துக் கயிற்றில் தொங்கவிடுங்கள். கட்டாகக் கட்டியபடியே வைக்க வேண்டாம். நேஷனல் புக் டிரஸ்ட், தூலிகா, பிரதம் புக்ஸ் போன்ற பதிப்பகங்களின் படக்கதைகளில் வரிகள் குறைவு, படங்கள் நிறைவு. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளைக் கட்டணமின்றி இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம்; திறன் வகுப்பறைத் திரையில் பெரிதாகக் காட்டி, வகுப்பே சேர்ந்து வாசிக்கவும் இவை நன்றாக உதவும். பள்ளியில் கிடக்கும் மிகப் பழைய நூல்களைக் கொடுக்கும்போது மட்டும் கவனம் வேண்டும். 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் அச்சானவற்றில் 'லை', 'னை', 'ணா', 'றா' போன்ற 13 எழுத்துகள் வேறு வடிவில் இருக்கும். பெரிய குழந்தைகளுக்கு அவ்வடிவங்களைக் காட்டி விளக்கினால் ஆர்வத்தோடு கண்டுபிடிப்பார்கள். எழுத்து கற்றுக்கொண்டிருக்கும் குழந்தையிடம் அவற்றைக் கொடுக்க வேண்டாம்.

நிலை பிரிப்பது ஆசிரியரின் வசதிக்காக மட்டுமே இருக்க வேண்டும். 'நட' நிலையில் இருக்கும் குழந்தை யானைப் படம் பார்த்து 'பற' நிலைப் புத்தகத்தை எடுத்தால் தடுக்காதீர்கள். படத்தை மட்டும் பார்த்துவிட்டு வைக்கும் உரிமையும், பாதியில் மூடிவிடும் உரிமையும், பிடித்த ஒன்றையே பத்து முறை எடுக்கும் உரிமையும் குழந்தைக்கு உண்டு. நாள்தோறும் பதினைந்து நிமிடம் இத்தகைய தன்விருப்ப வாசிப்புக்கு ஒதுக்குங்கள், அந்நேரத்தில் ஆசிரியரும் ஒரு புத்தகத்தை எடுத்து உண்மையாகவே படியுங்கள். பதிவேடு எழுதும் ஆசிரியரைப் பார்த்துக் குழந்தை கற்றுக்கொள்வது பதிவேடு எழுதுவதையே. அதிகப் புத்தகம் படித்தவருக்குப் பரிசு என்று அறிவிப்பதையும் தவிருங்கள். மெல்லிய புத்தகங்களைப் புரட்டி எண்ணிக்கை ஏற்றும் போட்டியாக அது முடியும். படித்த ஒவ்வொரு புத்தகத்துக்கும் அரைப்பக்கம் எழுதித் தர வேண்டும் என்ற கட்டாயமும் வாசிப்பின்மீது வெறுப்பையே வளர்க்கும். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில், விருப்பமுள்ள மூன்று நான்கு பேர் தாங்கள் படித்த புத்தகத்தைக் கையில் பிடித்து இரண்டு நிமிடம் பேசட்டும்; திங்களன்று அந்தப் புத்தகங்களுக்குத்தான் போட்டி இருக்கும்.

பின்தங்கும் குழந்தை

மாதம் ஒருமுறை ஒவ்வொரு குழந்தையையும் தனியே அழைத்து மூன்று நிமிடம் வாசிக்கக் கேளுங்கள். எழுத்து, சொல், சிறு பத்தி, சிறுகதை என்று நான்கு படிகளில் எது வரை வருகிறது என்று குறித்துக்கொண்டால் போதும். 2005 முதல் நாடெங்கும் நடக்கும் அசர் ஆய்வு கிராமப்புறக் குழந்தைகளின் வாசிப்பை அளப்பதும் இவ்வாறுதான். 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளும் வகுப்பைப் பார்க்காமல் குழந்தை நிற்கும் இடத்திலிருந்து கற்பிப்பதற்காகவே ஏற்பட்டவை. நிலையின் பெயர் குழந்தையின் பெயராக மாறிவிடாமல் காப்பது ஆசிரியரின் கடமை. 'அரும்புப் பசங்க இங்க வாங்க' என்று அழைக்கும் வகுப்பில், ஆறு வாரத்தில் கடக்க வேண்டிய நிலை ஆண்டு முழுவதும் ஒட்டிக்கொள்ளும்.

நான்காம் வகுப்பில் எழுத்துக்கூட்டும் குழந்தையிடம் ஒன்றாம் வகுப்புப் பாடநூலைக் கொடுத்தால், அது நண்பர்கள் முன்னிலையில் கூசிப்போகும். அதே குழந்தையிடம் 'ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமை நீதான் கதை வாசிக்கப் போகிறாய்' என்று சொல்லி அந்த எளிய புத்தகத்தைக் கொடுத்துப் பாருங்கள். நாலு நாள் பயிற்சி எடுக்கும், ஒருவரும் அதைக் குறைவாகப் பார்க்க மாட்டார்கள். கபடி, மீன்பிடிப்பு, பேருந்து, பாம்பு என்று வயதுக்கேற்ற பொருளில் நான்கு வரிப் பகுதிகளை நீங்களே எழுதித் தருவதும் உதவும். ஓரிரு மாதத் தனிக்கவனத்துக்குப் பின்னும் முன்னேற்றம் இல்லையென்றால் முதலில் கண்ணையும் காதையும் பரிசோதிக்க ஏற்பாடு செய்யுங்கள். கரும்பலகை தெரியாத குழந்தைகள் தங்களுக்குத் தெரியவில்லை என்பதையே அறியாமல் இருப்பார்கள். அதன்பிறகும் எழுத்துகள் நினைவில் நிற்கவில்லை என்றால் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரை அணுகுங்கள். சோம்பேறி என்ற சொல்லை அக்குழந்தையின் காதில் விழவிடாதீர்கள்.

வீடும் ஊர் நூலகமும்

பெற்றோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதை ஒரு தடையாகக் கருத வேண்டியதில்லை. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அவர்களிடம் கேட்க வேண்டியது இரண்டே உதவிகள்: குழந்தை கொண்டுவரும் புத்தகத்தை வாசிக்கச் சொல்லிப் பத்து நிமிடம் பக்கத்தில் அமர்ந்து கேட்பது, தங்களுக்குத் தெரிந்த கதைகளையும் விடுகதைகளையும் பாட்டுகளையும் குழந்தைக்குச் சொல்வது. கதை சொல்லத் தெரிந்த பாட்டியோ தாத்தாவோ ஊரில் இருந்தால் மாதம் ஒருமுறை பள்ளிக்கு அழையுங்கள். அவர் சொன்ன கதையை மறுநாள் குழந்தைகள் எழுதிப் படம் வரைந்தால் வகுப்பு நூலகத்தில் மேலும் ஒரு புத்தகம் சேரும்.

விடுதலை பெற்ற இந்தியாவில் பொது நூலகங்களுக்கென்று முதலில் சட்டம் இயற்றியது 1948-இல் சென்னை மாகாணம்தான். அதன் வழிவந்த கிளை நூலகமோ ஊர்ப்புற நூலகமோ உங்கள் பள்ளியிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே இருக்கலாம். நூலகரிடம் முன்பே பேசி, ஒரு முற்பகலில் நான்காம், ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளை அழைத்துச் செல்லுங்கள். உறுப்பினர் படிவத்தைக் குழந்தையே நிரப்பட்டும். சிறு வைப்புத் தொகையைச் செலுத்த இயலாதவர்களுக்கு ஊரில் புரவலர் ஒருவரைத் தேடுங்கள். மாவட்டப் புத்தகத் திருவிழா நடக்கும்போது, ஒவ்வொரு குழந்தையும் தானே தேர்ந்து ஒரு புத்தகம் வாங்கும் அளவுக்குப் பணம் சேர்த்து அழைத்துச் சென்றால், அங்கே அவர்கள் எந்த அட்டையை எடுத்தார்கள், எதைத் திருப்பி வைத்தார்கள் என்று கவனித்தே உங்கள் வகுப்புக்கு அடுத்த ஆண்டு என்ன வாங்குவது என்று முடிவு செய்யலாம்.

மே மாத விடுமுறையில் புத்தகங்களைப் பூட்டி வைக்காதீர்கள். ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒவ்வொரு குழந்தைக்கும் மூன்று புத்தகங்களைப் பையில் போட்டுக் கொடுத்து, பக்கத்துத் தெருக் குழந்தைகளுடன் மாற்றிக்கொள்ளவும் சொல்லி அனுப்புங்கள். ஒவ்வொரு குழந்தையும் எந்தப் படியில் நிற்கிறது, எந்தப் புத்தகத்தைத் திரும்பத் திரும்ப எடுத்தது, எதைக் கண்டு விலகியது என்பதை இரண்டு வரிகளில் எழுதி அடுத்த வகுப்பு ஆசிரியரிடம் ஒப்படையுங்கள். ஜூன் மாதத்தில் அவர் முதல் நாள் எடுத்து வாசித்துக் காட்ட வேண்டிய புத்தகத்தின் பெயரும் அதில் இருக்கட்டும்.